அண்ணி எடுத்துக் கொடுத்த புடவையும் பாதாள ராணியும்

இன்று காலை இட்லி வெந்துகொண்டிருக்கும்போது நாத்தனாரிடமிருந்து போன்.

"ராணி செத்துட்டாம்மா" என்றார்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. (இரங்கல் எல்லாம் வேண்டாம். செத்தது வீடியோ கேமில் வரும் ராணி.)

முதலிலிருந்து சொல்கிறேன்.

கேமில் வருகிறவர்களுக்கு உடை வடிவமைப்பது என் வேலை. கம்ப்யூட்டரிலேயே துணி வெட்டி, கம்ப்யூட்டரிலேயே தைத்து, ஆள் குதித்தால் முந்தானை எந்தப் பக்கம் பறக்கும் என்று பார்க்க வேண்டும். நிஜத்தில் எனக்கு ஊசியில் நூல் கோர்க்கவே வராது. ("கம்ப்யூட்டர்ல டெய்லர்" என்றுதான் அம்மா வெளியே சொல்லி வைத்திருக்கிறார்.)

போன வருடம் ஒரு மாயாஜால கேம் வேலைக்கு வந்தது. அதில் வில்லி, பாதாள ராணி. கடைசிக் கட்டத்தில் கதாநாயகி நெருப்பு அம்பு விடுவாள், ராணியின் புடவை முந்தானையிலிருந்து பற்றி எரிய வேண்டும்.

எரிய விட்டேன். டீம் லீட் பார்த்துவிட்டு, அப்பளம் சுடுகிற மாதிரி இருக்கிறது என்றார். நிஜத் துணி எரிவதைப் பார்த்துச் செய்யச் சொன்னார். திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் ராணி வேறு ஆளுக்குப் போய்விடுவாளாம். மாதக்கணக்கில் கொசுவம் கொசுவமாக மடித்துக் கட்டிவிட்டவள் நான். விடுவேனா!

பீரோவைத் திறந்தேன். எரித்தால் மனசு வலிக்காத பட்டுப் புடவை ஒன்றே ஒன்று இருந்தது.

என் கல்யாணத்துக்கு அண்ணி எடுத்துக் கொடுத்தது. (நாத்தனாரை அப்படித்தான் கூப்பிடுவேன்.) கிளிப்பச்சை உடம்பு, கத்தரிப்பூ கலர் பார்டர், முந்தானை முழுக்கக் கோழி சைஸில் மயில்கள். காஞ்சிபுரத்துக்கே போய், அரை நாள் உட்கார்ந்து பார்த்து எடுத்த அசல் பட்டு என்பது அவர் இருக்கும் ஆவடி குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரியும்.

எந்த விசேஷத்தில் பார்த்தாலும் அண்ணியின் முதல் கேள்வி, அந்தப் புடவை எங்கே என்பதுதான். விசேஷத்துக்குக் கட்டலாம் என்று பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்வேன். (விசேஷத்தில் நின்றுகொண்டே.)

ஐயப்பன்தாங்கலில் எங்கள் ஃபிளாட்டின் மொட்டை மாடி. கணவர் ஒரு கையில் கேமராவை ஆன் செய்த போன், மறு கையில் தண்ணீர் வாளியோடு தயாராக நின்றார். புடவையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"அக்கா எடுத்ததா?"

"ஆமா."

மாடிப்படியில் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பிறகு, "ஓரமா எரி" என்றார்.

முந்தானை மூலையில் தீக்குச்சியை வைத்தேன். அடேயப்பா! சுருண்டு, உருகி, சொட்டுச் சொட்டாக எரிந்துகொண்டே கீழே விழுந்தது. பட்டு இப்படித்தான் எரியும் போல என்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாளியைக் கவிழ்ப்பதற்குள் இரண்டு மயில்கள் காலி.

அதை அப்படியே கேமில் கொண்டுவந்தேன். அந்தக் கலரையும் மயிலையும்கூட போட்டோ எடுத்து ராணிக்கே கட்டிவிட்டேன். இந்தக் கலரைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது, வில்லிக்குச் சரியாகப் பொருந்துகிறது என்று டீம் லீட் பாராட்டினார். ராணி என்னிடமே தங்கினாள்.

கேம் வெளியானதும் என் கணவர் என்ற புத்திசாலி, ஆவடிக்குப் போய் அண்ணியிடம் அதன் டிரெய்லரைப் போட்டுக் காட்டியிருக்கிறார்!

அண்ணி வீடியோவை நிறுத்திப் பெரிசாக்கிப் பார்த்தாராம். உடனே எனக்குப் போன். குடும்பமே இரண்டாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

"இது நா எடுத்த பொடவ" என்றார். கோபம் இல்லை, பெருமை. "அரக்கியா இருந்தா இன்னா, ராணிதானே? எம் பொண்ணு வளகாப்புக்கு நீ அந்தப் பொடவயத்தான் கட்டிகினு வரணும். எம் பக்கத்துலயே நிக்கணும்."

அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலைதான். எரிந்த மூலையை என்ன சொல்லி மறைப்பது?

அண்ணியோ கேமைத் தன் போனில் ஏற்றி விளையாடவே ஆரம்பித்துவிட்டார். ராணியைத் தோற்கடித்தால்தான் கேம் முடியும். ஆனால் தான் எடுத்த புடவை மேல் அம்பு விட அவருக்கு மனசு வரவில்லை. சும்மா சுற்றி வந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். (ராணி இவரை அடித்துக் கொன்றுகொண்டே இருந்திருக்கிறாள்.)

நேற்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு அம்பை விட்டுவிட்டார். அதற்குத்தான் இன்று காலை போன்.

"தப்பா எடுத்துக்காத. எல்லாம் சூப்பரா கீது. அந்த எரியற சீனு மட்டும் சரியில்லம்மா."

"ஏன் அண்ணி?"

"அசல் பட்டு அப்டி உருகி சொட்டாது. முடி பொசுங்கற மாதிரி பொசுங்கி அணைஞ்சிடும். சொட்டுச்சின்னா அது டூப்ளிகேட்டு. எவனோ அத்த பட்டுன்னு காட்டி உன்ன ஏமாத்திக்கீறான்."

இட்லி அடுப்பை அணைத்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? நா எடுத்துக் குடுத்த பொடவையிலேர்ந்து ஒரு நூலு உருவி எரிச்சிருந்தாகூடத் தெரிஞ்சிருக்குமே!"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கணவர் இட்லித் தட்டோடு பால்கனிக்கு ஓடிவிட்டார்.

சிரிப்பு வந்ததுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாவமாகவும் இருந்தது. காஞ்சிபுரம் வரை போய், எனக்காக அரை நாள் உட்கார்ந்து, அத்தனை ஆசையாக ஏமாந்து வந்திருக்கிறார். இதை என் வாயால் சொல்லவே மாட்டேன்.

"அடுத்த கேம்ல சரி பண்ணிடறேன் அண்ணி" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. அந்தப் புடவையைத்தான் கட்டப் போகிறேன், சந்தோஷமாகவே. எரிந்த மூலையை இடுப்பில் செருகிவிடுவேன், அது பிரச்சினை இல்லை.

ஆனால் கற்பூரம் ஏற்றி ஆரத்தி எடுப்பது நான்தான் என்று அண்ணி ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

அண்ணி கண் முன்னால் அந்த முந்தானையில் ஒரு பொறி பட்டால் எப்படிச் சொட்டும் என்று எனக்குத் தெரியும். தப்பிக்க ஒரு வழி சொல்லுங்கள் மக்களே!