பேனல் மேல் புடவை

காரிமங்கலம் பக்கத்துப் பச்சையம்மாள் பாதி ஆயுளைத் தோட்டத்தில் கரண்டுக்குக் காத்தே கழித்தவள். சோலார் மோட்டார் வந்ததும் வெயில் இருக்கும் மட்டும் தக்காளிக்குத் தண்ணீர் பாய்ந்தது. பார்த்துவிட்டுப் பக்கத்துத் தோட்டத்துக் கொழுந்தன் சென்றாயனும் ஒன்று வைத்தான். முன்பு கரண்டு நின்றால் போர்வெல்லில் தண்ணீர் ஊறும். இப்போது யார் ஊறவிடுகிறார்கள்?

இந்த மாசியில் குழாய் தண்ணீரைவிடக் காற்றையே அதிகம் கக்கியது. சென்றாயன் கண்ணில் படட்டும் என்று அவள் புடவைகளை அள்ளிவந்து சோலார் பேனல்களை மூடி மோட்டாரை நிறுத்தினாள்.

“சென்றாயா, நீயும் ரெண்டு நாள் நிறுத்துப்பா. ரெண்டு போருக்கும் ஒரே ஊத்துதானே, ஊறட்டும்!”

“நான் நிறுத்துனா நீங்க இறைச்சுக்குவீங்க அண்ணி.”

“புடவை போட்டு மூடியிருக்கேனே, கண்ணு தெரியல?”

அவன் மோட்டார் நிற்கவில்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு புடவைகளை ஒவ்வொன்றாக உருவினாள்.

“மிச்சமிருக்கிற சேறாவது என் செடிக்குப் போவட்டும்!”