ஓர் ஆளை எத்தனை இடத்தில் எழுதுவது?

ரெஜினா அக்கா இறந்த செய்தி எங்கள் அலுவலக வட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. அனுப்பியவர் டிரெக்டர். எரியும் மெழுகுதிரிப் படம்; கீழே "எங்களுக்கு வழிகாட்டிய ஒளி". அழுகை வருமுன் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த ஒளி வழிகாட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டவர் இவர். அக்காவோடு வேலை செய்த உங்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அக்கா கொழும்பில் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி வெள்ளவத்தைக்கு வருவார். புடைவைக் கடை ஒன்றுக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் கம்பனியில் டேட்டாபேஸ் எல்லாம் அவர் பொறுப்பு. புதியது என்றால் அவருக்கு ஆகாது என்று பின்னால் கதை கட்டினார்கள். சுத்தப் பொய். அந்தப் புடைவைக் கடைக்கு ஒன்லைன் விற்பனைத் தளம் செய்தபோது ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக வைக்கும் டொகியுமென்ட் டேட்டாபேஸ்தான் வேண்டும் என்றவரே அவர்தான். "சேலைக்குக் கரை இருக்கு, ஷேர்ட்டுக்குக் கொலர் இருக்கு. எல்லாத்தையும் ஒரே டேபிளுக்குள்ள திணிச்சா பாதிக் கட்டம் வெறுமையாத்தான் கிடக்கும். ஒவ்வொண்டும் தன்ட பாட்டில இருக்கட்டும்" என்றார்.

பிறகு ஒரு தனியார் கிளினிக்கின் வேலை வந்தது. அப்போதுதான் வெளிநாட்டு மாநாடு ஒன்றிலிருந்து திரும்பியிருந்த டிரெக்டர், நோயாளிகளையும் டொகியுமென்டாகவே வைக்க வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார். டொக்டர் பதிவு, பரிசோதனைக்கூடம், மருந்தகம் ஒவ்வொன்றிலும் ஆளின் விபரம் தனித்தனிப் பிரதியாக இருக்கும்; வேகமாக ஓடுமாம்.

அக்கா கேட்டது ஒரே கேள்வி. "சேர், ஒரு ஆள் செத்தா எத்தனை இடத்தில சொல்லோணும்? ஆளை ஒரு டேபிளில ஒருக்கா எழுதுங்க. மற்றதெல்லாம் அதைப் பார்க்கட்டும்."

"ரெஜினா, அதெல்லாம் அந்தக் காலம்" என்று டிரெக்டர் சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் பல்லைக் காட்டினார்கள். த்தூ! நான் அக்கா பக்கம் பேசினேன், எடுபடவில்லை; டிரெக்டர் சொன்னபடியே செய்து கொடுத்தோம்.

வருத்தம் வந்து மருந்தெடுக்க வேண்டியபோது அக்காவும் அதே கிளினிக்குக்குத்தான் போனார். "என்னையும் துண்டு துண்டா வச்சிருக்கிறாங்கடா" என்று ஒருநாள் போனில் சிரித்தார்.

அக்காவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து டிரெக்டரும் நாங்களும் அவர் வீட்டில் இருந்தோம். வெளிநாட்டுச் சொந்தக்காரர் எடுப்பார்கள் என்று கணவர் அன்டன் அண்ணர் அக்காவின் போனை அணைக்காமல் வைத்திருந்தார். அது ஒலித்தது; கிளினிக் மருந்தகத்திலிருந்து மெசேஜ். "அன்புள்ள ரெஜினா, உங்கள் மருந்து தயார். விரைவில் நலம்பெற வாழ்த்துகிறோம்."

"டொக்டரிட்ட நேரில போய்ச் சொன்னனான் தம்பி" என்றார் அண்ணர் என்னிடம். "பிறகு பரிசோதனைக்கு வரச் சொல்லி மெசேஜ் வந்தது. அங்கயும் போய்ச் சொன்னன். இப்ப இது."

டிரெக்டர் வாயில் பெட்டிஸோடு, "சிஸ்டம் அப்டேட் ஆகக் கொஞ்சம் டைம் எடுக்கும், அங்கிள்" என்றார். வெட்கங்கெட்ட மனிதன்.

அன்டன் அண்ணர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "என்ட மனிசி செத்துப்போனா எண்டு நான் இன்னும் எத்தனை இடத்தில சொல்லோணும்?"

அக்கா அன்று கேட்ட கேள்வி அவருக்குத் தெரியாது. டிரெக்டருக்குத் தெரியும். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

மறுநாள் அலுவலகத்தில் அந்தக் கிளினிக்கின் மருந்தகப் பதிவைத் திறந்து, ரெஜினா என்ற பெயருக்கு எதிரே 'இறந்தவர்' என்று நானே மாற்றினேன். என் போனிலிருந்த மெழுகுதிரிப் படத்தை அழித்துவிட்டேன். அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். அதற்கு "ஓர் இடத்தில்" என்று பதில் வராத எந்த வேலையிலும் இனி என் கை படாது.