டிபன் பாக்ஸில் சிப்பிக் குஞ்சுகள்: ஓசூரிலிருந்து பாரூர் ஏரிக்கு

ஓசூரில் ஆற்றுத் தண்ணீர் குழந்தைகளைக் கொல்கிறது. சிப்பிக் குழந்தைகளைச் சொல்கிறேன். நம்மை என்ன செய்கிறது என்று சொல்ல ஆளில்லை.

என் அறைத்தோழி கவிதா விலங்கியல் படித்துவிட்டு, கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை பார்க்கிறாள். பாரூர் ஏரியிலிருந்து கொண்டுவந்த சிப்பிகளைத் தொட்டியில் மீன்களோடு வளர்த்தாள். சிப்பி உமிழ்ந்த நுண்குஞ்சுகள் மீனின் செவுளில் ஒட்டி வளர்ந்து, பிறகு மணலில் உதிர்ந்தன. போர்வெல் வற்றிய வாரம் ஆற்றுத் தண்ணீரை ஊற்றினாள். பாதி செத்தன. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் போன ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம்.

கிளம்பும் முன் அவளுடைய நுண்ணோக்கியில் பார்த்தேன். ஒரு குஞ்சு கடுகில் பாதிகூட இல்லை. ஓடு கண்ணாடி, உள்ளே இதயம் துடிப்பது தெரிந்தது. செவுள் முழுதாக வளராததால் நீரை வடிகட்டத் தெரியாது. மெல்லிய காலை நீட்டி, மணலைத் துழாவி, இரையை வாய்க்குக் கொண்டுபோகிறது. காலால் சாப்பிடுகிற உயிர்!

"ஓரத்துல பாருடி, சீப்புப் பல் மாதிரி. செவுள் முளைக்குது" என்றாள். அது முற்றினால் வாழ்நாள் முழுக்கத் தண்ணீரைச் சுத்தம் செய்யும். அதைத்தான் நம் தண்ணீர் கொல்கிறது. கண்ணை எடுக்க மனசில்லை.

காலை ஆறரைக்குக் கிருஷ்ணகிரி பேருந்து. ஐம்பது கிலோமீட்டர். குஞ்சுகளைத் தண்ணீரோடு விட்ட டிபன் பாக்ஸை மடியிலேயே வைத்திருந்தோம்.

"இன்னாம்மா, அவ்ளோ பத்திரமா?" என்றார் நடத்துநர்.

"சிப்பிக் குட்டிங்கண்ணா."

"எத்தினி பேரு? அரை டிக்கெட் போட்டுடட்டா?"

கிருஷ்ணகிரியில் மாறி, காவேரிப்பட்டணம் வழியாகப் பாரூர். போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். வெயிலேறினால் பாக்ஸ் தண்ணீர் சுடும். ஏரித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கிய பிறகே விடுங்கள். முக்கியமாக, வாய்க்காலில் தூர்வாரும் வேலை நடக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். நாங்கள் விசாரிக்கவில்லை.

ஏரி மதகுக்குக் கீழே, வாய்க்காலில் மணல் படிந்த ஓரத்தில் கவிதா பாக்ஸைக் கவிழ்த்தாள். ஒரு நிமிடத்தில் எல்லாம் மணலுக்குள். அப்போதுதான் வளைவில் ஜேசிபி திரும்பியது.

ஓடிப்போய் மறித்து, மணலில் சிப்பிக் குஞ்சுகள் இருப்பதைச் சொன்னோம். ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "மண்ணுல ஒண்ணுமே இல்லியேம்மா?"

"இருக்குண்ணா. கண்ணுக்குத் தெரியாது."

"நான் கூலிக்கு ஓட்டறவன். காண்ட்ராக்டர்கிட்ட கேளுங்க." அவரே எண்ணை அழுத்தி, போனை ஸ்பீக்கரில் போட்டு நீட்டினார். இன்ஜினை மட்டும் அணைக்கவில்லை.

கவிதா போனை வாயருகே பிடித்துக் கத்தினாள்: "சார், மதகுக்குக் கீழ இருக்கிற பத்தடி மணலத் தொடாதீங்க. பத்தடி போதும். தொடமாட்டோம்னு சொல்லுங்க சார்!"

பதில் வரும்வரை நகர்வதில்லை என்று ஜேசிபிக்கும் மணலுக்கும் நடுவே நின்றோம்.