முகம் மட்டும் வேண்டாம்

அந்தத் தெருவில் அவளுக்கு டவல் அக்கா என்றுதான் பெயர். பெயர் வைத்த புண்ணியவான் அவள் புருஷன். மூன்று நாற்காலி போட்ட சலூன் கடை அவருடையது. அங்கே அழுக்காகும் துண்டுகளை எல்லாம் துவைத்து, காயவைத்து, மடித்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. கல்யாணமான நாளிலிருந்து அவள் கையில் ஈரம் காய்ந்ததில்லை. அவருக்கோ வாய் ஓய்ந்ததில்லை. முடி வெட்டத் தொடங்கும் முன் கத்தரியை வெறும் காற்றில் இரண்டு தடவை வெட்டிக் கொள்வார். கையில் கத்தரி இல்லாதபோதும், சும்மா உட்கார்ந்திருந்தால்கூட, இரண்டு விரல்கள் அந்த வெட்டை வெட்டிக்கொண்டே இருக்கும்.

அப்படிப்பட்ட மனுஷருக்கு நெஞ்சில் கோளாறு வந்தது. திறந்துதான் சரிசெய்ய வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று டிவிக்காரர்கள் கேமராவோடு வந்து நின்றார்கள். கஷ்டமான ஆபரேஷன்களைப் பற்றிப் படம் எடுக்கிறார்களாம். உங்களையும் எடுக்கலாமா என்று கேட்டதும் மனுஷர் தலையைத் தடவிச் சீப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

குறுக்கே விழுந்தது அவள்தான்.

"எடுத்துக்கோங்க சார். ஆனா முகம் மட்டும் வேண்டாம். கத்தி பிடிக்கிறவருக்கு நெஞ்சு சரியில்லைன்னு தெரிஞ்சா, நாளைக்கு யாரு வந்து இவர்கிட்ட கழுத்தை நீட்டுவா?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "வீட்டு உத்தரவு சார், மீற முடியாது. குரலையும் மாத்திடுங்க. என் தொண்டையைத் தெரியாதவன் இந்தப் பக்கத்துலயே கிடையாது." அதன்பிறகும் கேமராவுக்கு முன்னால் அரை மணி நேரம் பேசித் தீர்த்தார். டாக்டரையும் விடவில்லை. "டாக்டர், நீங்களும் கத்தி, நானும் கத்தி. நம்மாளுக்குக் கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்றார். டாக்டரே சிரித்துவிட்டார்.

ஆபரேஷன் அறைக்குள் போனவர் உயிரோடு வெளியே வரவில்லை. டாக்டர் தானே வெளியே வந்து அவளிடம் சொன்னார். சொல்லும்போது கழற்றிய தொப்பியைக் கசக்கிக்கொண்டே இருந்தார். அவரைக் கோபித்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை.

வீட்டில் இருப்பதோ இரண்டே போட்டோ. இரண்டிலும் யாரோ மிரட்டி நிற்கவைத்த மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் போன் குளியலறை வாளியில் விழுந்து எப்போதோ செத்துப்போனது. ஆகவே அவர் சிரிப்பும் பேச்சும் இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த டிவிக்காரர்களிடம் மட்டும்தான். அந்தப் படம் வரும் நாளுக்காகத்தான் டவல் அக்கா காத்திருந்தாள். வேறு எதற்காகவும் அவள் காத்திருக்கவில்லை.

"அம்மா, முகம் வேண்டாம்னு நீதானே சொன்ன?" என்றாள் மகள்.

"அது அப்போ. இப்போ யாருகிட்ட மறைக்கணும்? டிவிக்காரங்களுக்கு அது தெரியாதா?"

அம்மாவின் ஆசையில் மண்ணைப் போட மகளுக்கும் மனசு வரவில்லை.

படம் வந்த அன்று சாயங்காலம், பெரிய டிவி இருக்கிறதென்று வீட்டுக்கார அம்மாவின் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். தன் புருஷன் டிவியில் வரப்போவதை அக்காதான் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள். முகம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அவளை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

கால் மணி நேரத்தில் அந்தக் கூடமே பாதி டாக்டராகிவிட்டது. மாடிவீட்டு எலக்ட்ரீஷியன், "இப்போ ரத்தத்தை மெஷினுக்குத் திருப்புறாங்க பாருங்க" என்று தானே பக்கத்தில் நின்று திருப்பியது போலச் சொன்னார். ஒரு குழந்தையின் இதயத்தை டாக்டர் தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைத்தார். அது மறுபடி துடித்ததும் வீட்டுக்கார அம்மா டிவியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அக்காவும் கும்பிட்டாள். அந்தக் குழந்தை பிழைத்ததில் அவளுக்கு உண்மையாகவே சந்தோஷம்.

அடுத்து ஒரு கட்டில் வந்தது. அதில் ஒரு ஆள். கழுத்துக்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் கலங்கல். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு தடித்த குரல், "நல்லபடியா முடிச்சிடுங்க டாக்டர்" என்றது.

போர்வைமேல் கிடந்த கையில் இரண்டு விரல்கள் வெறும் காற்றை வெட்டின.

அக்கா திரைப்பக்கம் சாய்ந்தாள். கலங்கல் விலகிவிடும், இதோ இப்போது விலகிவிடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். விலகவில்லை. கத்தி ஜோக்கையும் காணோம். தொழிலைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று எடுத்துவிட்டார்கள் போல. பாவிகள், கொடுத்த வாக்கை ஒன்று விடாமல் காப்பாற்றியிருந்தார்கள்.

டாக்டர் வெகுநேரம் போராடினார். அவர் நெற்றி வியர்வையை நர்ஸ் துடைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், நோயாளி பிழைக்கவில்லை என்று ஒரே வரியில் சொன்னார்கள்.

"ஐயோ பாவம், யாரு பெத்த பிள்ளையோ" என்றார் எலக்ட்ரீஷியன். "ஆனாலும் அந்த டாக்டர் கையைப் பாத்தீங்களா? மனுஷன் கையா அது!"

மகள் அக்காவின் முழங்கையைப் பிடித்தாள். இவர்தான் என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரை வந்தது. ஆனால் அதற்குள் திரையில் அடுத்த ஆபரேஷன் வந்துவிட்டது. எல்லோரும் அதில் மூழ்கிவிட்டார்கள். அவருக்குக் கிடைக்க வேண்டிய 'ஐயோ பாவம்' அந்த ஒரு வாயோடு முடிந்துபோயிருந்தது.

படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள். வீட்டுக்கார அம்மா வருத்தத்தோடு பக்கத்தில் வந்தாள்.

"என்ன அக்கா, கடைசி வரைக்கும் உங்க வீட்டுக்காரரைக் காட்டவே இல்லையே. நம்பவச்சுக் கழுத்தறுத்துட்டாங்களே!"

"ஆமாம்மா," என்றாள் அக்கா. "காட்டல."

செருப்பு மாட்டப் போனவள் வாசலில் திரும்பி நின்றாள்.

"இதைத் திரும்பப் போடுவாங்களாம்மா?"

"ஞாயித்துக்கிழமை காலையில போடுவாங்க. ஆனா அதான் அவர் வரலையே, எதுக்கு?"

"சும்மாதான். அந்த நேரத்துல நான் வந்து ஒரு ஓரமா உக்காந்துக்கட்டுமா?"