செயலாளருக்குச் சம்பளம் கூட்டிய வாக்கெடுப்பு

தேர்தல் நாளில் வாக்குச்சாவடியில் உட்காரும் எங்களுக்குக் கண் உண்டு, காது உண்டு, வாய் மட்டும் கிடையாது. லண்டனில் நாலு கவுன்சில் தேர்தலுக்கு வேலை செய்த பாவத்துக்கு, ஃபாரஸ்ட் கேட் பகுதியிலுள்ள எங்கள் ஊர்ச்சங்கமும் என்னைப் பிடித்துக்கொண்டது. செயலாளர் யோகன் அண்ணையின் சம்பளத்தை இரட்டிப்பாக்கலாமா என்று வாக்கெடுப்பு. சங்கங்களில் வாக்கு எண்ணி நொந்த வாசகர்களே, நீங்களாவது என்னை நம்புவீர்கள்.

எழாத கைகள்

யோகன் அண்ணை சங்க வேலைக்காகவே டாக்சி ஷிப்டைப் பாதியாகக் குறைத்தவர். சம்பளம் கூடாவிட்டால் விலகுவேன் என்று சொல்லிவிட்டார். அந்தச் செயலாளர் கதிரைக்கு இதுவரை வேறு ஒருவரும் போட்டியிட்டதில்லை.

முதலில் கை தூக்கச் சொன்னார் தலைவர். ஆதரவாக ஒரு கையும் எழவில்லை, எதிராகவும் எழவில்லை. முன்வரிசையில் இருந்த கடைக்காரர் செல்வம் அண்ணை என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"தூக்கினா அவரின்ரை ஆள் எண்டுவினம், தூக்காட்டி எரிச்சல் எண்டுவினம். சீட்டைத் தாரும் பிள்ளை, ஒளிச்சுப் போடுறன்."

பெட்டி

வாக்குப்பெட்டிக்கு எங்கே போவது? கோயிலில் பழைய உண்டியல் ஒன்றை இரவல் வாங்கினோம். வரிசை வாசல்வரை நின்றது. சிலர் சீட்டைக் கண்ணில் ஒற்றிவிட்டுப் போட்டார்கள். திறந்து கொட்டினால் சீட்டுகளோடு சில்லறையும் கொட்டுண்டது. போட்டவர்கள் வந்து எடுங்கள் என்றேன். ஒருவரும் அசையவில்லை. வரிசையில் நின்று வாக்குப் போட்ட மகேஸ் அன்ரிதான் என்னை முறைத்தா.

"உண்டியலுக்கு முன்னால வெறுங்கையோட நிக்க ஏலுமே, பிள்ளை?"

எண்ணிக்கை

மேசையைச் சுற்றி மூச்சுவிட இடமில்லை. ஒவ்வொரு சீட்டாக விரித்தேன். ஆம். ஆம். மறுபடியும் ஆம். முடிவைச் சொன்னபோது மண்டபம் அதிர்ந்தது. யோகன் அண்ணையின் கண் கலங்கியது. வாயில்லாத நானும் சத்தம் போட்டுக் கைதட்டினேன், அவ்வளவு சந்தோஷம். அவரை முதலில் கட்டிப்பிடித்தவர் செல்வம் அண்ணை. பிடித்த கையை விட்டதும் நேரே என்னிடம் வந்தார்.

"அடுத்த செயலாளர் தெரிவுக்கு ஆரிட்டைப் பேர் குடுக்கிறது, பிள்ளை?"

போட்டி

அடுத்த மாதம் தெரிவு. ஒருவரும் எட்டிப்பார்க்காத கதிரைக்கு ஆறு பேர் நின்றார்கள். அதே உண்டியல், அதே நான். செல்வம் அண்ணை வென்றார். யோகன் அண்ணைக்கு ஆறுதல் சொல்லப் போனேன். அவரே டாக்சிச் சாவியை எடுத்துக்கொண்டு சிரித்தார்.

"சம்பளத்தை வெண்டு குடுத்திட்டன். வாரும், போற வழியிலை வீட்டடியிலை இறக்கிவிடுறன்."

ஆகவே அன்பர்களே, ஒருவரும் விரும்பாத கதிரையில் நிம்மதியாக இருக்க ஆசைப்பட்டால், அதற்கு மெத்தை போடச் சொல்லி மட்டும் வாக்குக் கேட்காதீர்கள்.