புளிக்கொட்டை வரிசை

என் அக்கா செவ்வந்தி அதிகம் பேசமாட்டாள். பஸ் ஹாரன் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வாள். புளியைத் தட்டி எடுத்த கொட்டைகளை வாசலில் வரிசையாக அடுக்கிய பிறகே அடுத்த பழத்தைத் தொடுவாள். அவளுக்கு ஆட்டிசம் என்பது நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இப்போது அதைப் பற்றி மலையூர்களில் பேசுவதே என் வேலை. போன வாரம் எங்கள் ஊரிலேயே கூட்டம். கூட வேலை செய்யும் அன்பரசி எங்கள் வாசலில் நின்று, கொட்டை அடுக்கிக்கொண்டிருந்த அக்காவைக் காட்டி, "இவங்க யாருங்க?" என்று கேட்டாள்.

"புளி தட்ட வந்தவங்க" என்றேன்.

உள்ளே இருந்து அம்மா வந்தாள். "இன்னாடா, கூடப் பொறந்தவள கூலியாளுன்ற? இதத்தான் ஊரூரா போய் சொல்றியா?"

அக்கா நிமிரவில்லை. அடுத்த கொட்டையை வரிசையில் வைத்தாள்.

அன்பரசியின் கையில் இருந்த நோட்டீஸில் 'பிள்ளைகளை மறைக்காதீர்கள்' என்ற தலைப்பை எழுதியவன் நான்தான்.

"எங்க அக்காங்க" என்றேன், கொட்டைகளைப் பார்த்துக்கொண்டே.