சாம்பலுக்குப் பயந்து மூடிய ஜன்னல்

எண்ணூரில் எங்கள் குளியலறையில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. சுவரெல்லாம் பாசி. டைல்ஸ் போட வசதியில்லை. நானும் கல்லூரி போகும் என் மகள் ரேவதியும் வெள்ளை பிளாஸ்டிக் ஷீட் வாங்கி ஒட்டினோம். பளபளவென்று இருந்தது. ஆனால் எங்கள் ஊர்க் காற்றில் அனல் மின்நிலையச் சாம்பல் பறக்கும். இரண்டே நாளில் வெள்ளை கறுப்பானது. எரிச்சலில் அங்கிருந்த ஒரே சின்ன ஜன்னலையும் மீன் படம் போட்ட ஷீட்டால் இறுக்க மூடினேன். உள்ளே கேஸ் கீசர் எரிவதை யோசிக்கவே இல்லை.

அதன்பின் குளித்து வரும்போதெல்லாம் ரேவதிக்குத் தலைவலி, வாந்தி. எதிர்வீட்டு அக்கா, "காத்து கருப்பு அடிச்சிகீதுமே. கயிறு மந்திரிச்சி கட்டு" என்றாள். நானும் கட்டினேன். வெட்கக்கேடு!

ஒரு காலை உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கூப்பிட்டால் பதில் இல்லை. என் கணவர் கதவை உடைத்தார். கையில் நான் கட்டிய மந்திரக் கயிறோடு தரையில் கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டாள். கீசரிலிருந்து வரும் வாசனையில்லாத விஷவாயு வெளியே போக வழியில்லாமல் அவளைச் சாய்த்திருக்கிறது என்றார் டாக்டர். பேயை வீட்டுக்குள் வைத்து மூடியதே நான்தான்.

கீசரைக் கழற்றி எறிந்துவிட்டேன். அடுப்பில்தான் வெந்நீர். ஜன்னல் திறந்தே கிடக்கிறது. சாம்பலைத் தினமும் துடைக்கிறேன். ஆனாலும் தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டால் ஓடிப்போய்க் கதவைத் தட்டுகிறேன்.

"உயிரோடதாம்மா கீறேன், சும்மா பேஜார் பண்ணாத!" என்று உள்ளேயிருந்து கத்துவாள்.

கத்தட்டும். அதைக் கேட்ட பிறகுதான் அங்கிருந்து நகர்கிறேன்.